ஓர் ஊசிக்கே தாங்காத அம்மாவுக்கு முதுகில் குழாயா?

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் தாயாருக்கு வயது 83, எடை 44 கிலோ. யீஷூனில் என்னோடு இருக்கிறார். சென்ற ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடது இடுப்பு எலும்பு முறிந்தது. மறுநாளே அறுவை சிகிச்சை செய்து கம்பியும் திருகாணியும் பொருத்தினார்கள். அன்று முதுகில் ஊசி போட்ட ஐந்தாவது நிமிடத்தில் ரத்த அழுத்தம் 64க்கு இறங்கிவிட்டது. எப்படியோ சமாளித்து முடித்து, இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். பிறகு எடுத்த ஸ்கேனில்தான் இதயத்தின் பெருந்தமனி வால்வு 1.1 சதுர சென்டிமீட்டருக்குச் சுருங்கியிருப்பது தெரியவந்தது. இதயத்துடிப்பு சீராக இல்லாததால், ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்ஸபான் மாத்திரையும் சாப்பிடுகிறார்.

இப்போது அந்தத் திருகாணி எலும்பைக் குடைந்துகொண்டு மூட்டுக்குள் வந்துவிட்டது. மூன்று வாரத்தில், வேறொரு மருத்துவமனையில், அதை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைக்கப்போகிறார்கள். மூன்று, நான்கு மணி நேரம் ஆகுமாம். மயக்க மருத்துவர், முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கப்போவதாகச் சொல்கிறார். ஓர் ஊசிக்கே அந்தப் பாடு பட்டவர் குழாயைத் தாங்குவாரா? இப்படிக் குழாய் வைத்ததில் கால்கள் செயலிழந்து, அமெரிக்காவில் அதைத் தடை செய்ததாக இணையத்தில் படித்தேன். முதுகில் ஊசி போட்டால் ஆயுள் முழுவதும் இடுப்பு வலிதான் என்கிறார் என் சின்னம்மா. பிரசவத்தில் எபிடூரல் போட்டதிலிருந்து எனக்கும் வலி இருக்கிறது. பேசாமல் முழு மயக்கம் கேட்டுவிடலாமா? அம்மா பயந்துவிடுவார் என்று இதுவரை எதையும் சொல்லவில்லை. கையெழுத்தை நானே போட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

ஒரு மகள், யீஷூன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் குழாயைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கோ கடிதத்தில் அந்த 64 என்ற எண்ணைத் தாண்டி வரவே சற்று நேரம் பிடித்தது. ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது. அம்மாவை நான் பார்த்ததில்லை, ஸ்கேனையும் பார்த்ததில்லை. ஆனாலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அறுவைக்கூடத்தில் நோயாளிகளின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில், அன்று என்ன நடந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது.

முதுகில் போடும் ஊசி வலி நரம்புகளை மட்டும் மரக்கவைப்பதில்லை. ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும் நரம்புகளும் அதே வழியாகத்தான் வெளியே வருகின்றன. முதலில் செயலிழப்பவையும் அவைதான். பிடி தளர்ந்தவுடன் கால்களிலும் வயிற்றிலும் உள்ள குழாய்கள் விரிந்து, ரத்தம் அங்கேயே தங்கிவிடுகிறது. நாற்பது வயதுக்காரரின் இதயம் இதைப் பொருட்படுத்தாது; கொஞ்சம் கூடுதலாக இறைத்து ஈடுகட்டிவிடும். உங்கள் அம்மாவின் இதயத்தால் அது முடியாது. நன்றாக உள்ள பெருந்தமனி வால்வு மூன்று முதல் நான்கு சதுர சென்டிமீட்டர் திறக்கும். அம்மாவுடையது 1.1. எவ்வளவு முயன்றாலும் அந்தச் சந்து வழியாகப் போவதுதான் போகும். அழுத்தம் இறங்கினால், இதயத் தசைக்கே ரத்தம் கொண்டு போகும் குழாய்களிலும் ஓட்டம் குறையும். பல ஆண்டுகளாகக் குறுகிய வாசலை எதிர்த்துத் தள்ளித் தள்ளித் தடித்துப்போன தசை அது, பசி அதிகம். உணவு குறைந்ததும் துவளும். துவண்டால் அழுத்தம் இன்னும் இறங்கும். அம்மாவுக்கு ஐந்து நிமிடத்தில் நடந்தது இந்தச் சுழல்தான்.

அன்றைய மருத்துவரை நான் குறை சொல்ல மாட்டேன். வால்வு விஷயம் அப்போது அவருக்குத் தெரியாது. முறிந்த இடுப்போடு முதியவர்களைப் படுக்கையில் போட்டு வைத்தால் நிமோனியாவும் படுக்கைப் புண்ணும் காத்துக்கொண்டிருக்கும் என்பதால், 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சையை முடித்துவிட வேண்டும் என்பது உலகம் முழுவதும் பெரும்பாலோர் ஒப்புக்கொண்ட இலக்கு. அவசரத்தில் எல்லாச் சோதனைகளும் நடந்துவிடுவதில்லை.

இனிக் குழாய்க்கு வருகிறேன்.

ஸ்பைனல் என்று நாங்கள் சொல்லும் சாதாரண முதுகு ஊசியில் மருத்துவர் மருந்தின் அளவை முன்கூட்டியே ஊகித்தாக வேண்டும். பெரும்பாலும் 0.5 சதவீத புப்பிவகைன் என்ற மரக்கவைக்கும் மருந்தை இரண்டரை மில்லிலிட்டர் அளவில் எடுத்து, ஒரே மூச்சில் செலுத்தி, ஊசியை உருவிவிடுவோம். பன்னிரண்டரை மில்லிகிராம் உள்ளே போய்விட்டது. திரும்ப எடுக்க வழியில்லை. அது தொப்புள் மட்டத்தில் நிற்குமா, மார்பு வரை ஏறுமா என்பது தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரின் அளவு, முதுகின் வளைவு, படுத்திருக்கும் நிலை என்று பலவற்றைப் பொறுத்தது. அந்த நீரின் அளவு ஆளுக்கு ஆள் ஏகமாக வேறுபடும். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கூன் விழுந்து, 44 கிலோவுக்கு வற்றிப்போன ஓர் அம்மாவிடம் இந்த ஊகம் தவறுவதற்கு வாய்ப்பு அதிகம்.

தொடர் ஸ்பைனல் என்பது இந்த ஊகத்தைக் கைவிடுவது. ஊசி போகும் அதே இடத்துக்கு, அதே நீருக்குள், ஒரு மெல்லிய குழாயை இரண்டு மூன்று சென்டிமீட்டர் செலுத்தி ஒட்டிவிடுகிறார்கள். பிறகு அரை மில்லிலிட்டர் மருந்து. அதாவது இரண்டரை மில்லிகிராம், வழக்கமான அளவில் ஐந்தில் ஒரு பங்கு. கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பனிக்கட்டியைத் தோலில் வைத்து, "சில்லென்று இருக்கிறதா பாட்டி?" என்று கேட்டபடி எது வரை மரத்திருக்கிறது என்று பார்க்கிறோம். அழுத்தம் அசையவில்லையா, மரப்பு போதவில்லையா, இன்னும் ஓர் அரை மில்லிலிட்டர். இடுப்பு அறுவைக்கு மரப்பு தொப்புள் மட்டத்துக்கு வந்தால் பெரும்பாலும் போதும். அங்கே நிறுத்திவிட்டால், அதற்கு மேலுள்ள ரத்தக் குழாய்களைப் பிடித்திருக்கும் நரம்புகள் வேலையைத் தொடர்ந்து செய்கின்றன. அழுத்தம் இறங்கினாலும் படியிறங்குவது போல் இறங்கும்; நாமும் கூடவே இறங்கிப் பிடித்துக்கொள்ளலாம். ஐந்து, ஏழரை மில்லிகிராமிலேயே முழு மரப்பும் கிடைத்துவிட்ட முதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதன்முறை பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒற்றை ஊசியின் மரப்பு இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் தளரத் தொடங்கிவிடும். பழைய கம்பியை எடுத்துப் புது மூட்டு வைக்கும் வேலை அதற்குள் முடியும் என்று எந்த எலும்பு மருத்துவரும் உறுதி சொல்ல மாட்டார். குழாய் இருந்தால் மூன்றாவது மணி நேரத்தில் இன்னும் சிறிது கொடுத்துக்கொள்ளலாம். பாதி வழியில் முழு மயக்கத்துக்கு மாற வேண்டியதில்லை. ஆகவே உங்கள் மருத்துவர் இந்த முறையைச் சொன்னதில் எனக்கு வியப்பில்லை. சென்ற முறை நடந்ததைக் கேட்டறிந்துதான் சொல்லியிருக்கிறார்.

இது உங்கள் பிரசவத்தில் வைத்த எபிடூரல் குழாய் அல்ல. அது தண்டுவட உறைக்கு வெளியே நின்றுவிடும். மருந்து உறையைத் தாண்டி ஊற வேண்டியிருப்பதால் அளவும் பல மடங்கு அதிகம். இது உறைக்கு உள்ளே, பளிங்கு போன்ற நீரில் இருக்கிறது. தண்டுவடத்தைக் குத்திவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பு முள்ளெலும்புகளில் முதலாவது, இரண்டாவது மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. நாங்கள் நுழைவது அதற்குக் கீழே, பெரும்பாலும் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே. அங்கே நரம்புகள் குதிரை வால் போலத் தனித்தனி இழைகளாக நீரில் மிதக்கின்றன. ஊசி வந்தால் விலகிக்கொள்ளும்.

இரண்டு குழாய்களும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கும். நான் உண்மையாகவே அஞ்சுவது இதற்குத்தான். எபிடூரல் என்று நினைத்து யாராவது அந்த அளவு மருந்தை இதில் செலுத்திவிட்டால் மரப்பு கழுத்து வரை ஏறி மூச்சே நின்றுவிடும். அதனால் குழாயின் முனையில் பெரிய எழுத்தில் சீட்டு ஒட்டுவோம். மயக்க மருத்துவரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவைப்போம். பலரும் அறுவை முடிந்ததும் வார்டுக்கு அனுப்பும் முன்பே உருவிவிடுகிறார்கள், நானும் அப்படித்தான். குழாய் எப்போது வெளியே வரும், அதுவரை அதைத் தொடப்போவது யார் என்ற இரண்டையும் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

இணையத்தில் நீங்கள் படித்தது பொய்யில்லை. பாதிதான் படித்திருக்கிறீர்கள். இந்த முறை நேற்று வந்ததல்ல. 1907இல் லண்டனில் டீன் என்ற அறுவை மருத்துவர், ஊசியை முதுகிலேயே விட்டுவைத்து இடையிடையே மருந்து கொடுத்தார். 1940இல் அமெரிக்காவில் லெமன் என்பவர் வளையக்கூடிய ஊசியைச் செருகி, அது அழுந்தாமல் இருக்க நடுவே இடைவெளி விட்ட மெத்தையில் நோயாளியைப் படுக்கவைத்தார். படுத்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. 1944இல் டூஹி ஊசிக்குப் பதிலாக மெல்லிய குழாயை வைத்தார். குழாய் பருமனாக இருந்ததால் நீர் கசிந்து தலைவலி வந்தது. எனவே 1980களின் இறுதியில், அதைவிட மிக மெல்லிய நுண்குழாய்களைக் கொண்டுவந்தார்கள். வினை அங்கேதான் தொடங்கியது.

அவ்வளவு மெல்லிய குழாயில் மருந்து பீறிட்டு வராது, கசியும். அப்போது பரவலாகப் பயன்பட்டது 5 சதவீத லிக்னோகைன். குளுக்கோஸ் கலந்த அந்த அடர்ந்த கரைசல் தண்டுவட நீரைவிடக் கனமானது. கசிந்த மருந்து மேலே பரவாமல், பாகு அடியில் தங்குவது போல முதுகின் அடிப்பகுதியில் தேங்கியது. மரப்பு மேலே ஏறவில்லையே என்று மருத்துவர்கள் மேலும் மேலும் செலுத்தினார்கள். அதுவும் அங்கேயே போய்ச் சேர்ந்தது. செறிந்த மருந்தில் மணிக்கணக்காக ஊறிய நரம்பு இழைகள் சேதமடைந்தன; சிறுநீர், மலம் கட்டுப்பாடு போய், கால்களும் பலவீனமான நோயாளிகளைப் பற்றி 1991இல் கட்டுரை வெளியானது. மறு ஆண்டே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 24 கேஜ் அளவைவிட மெல்லிய ஸ்பைனல் குழாய்களைச் சந்தையிலிருந்து விலக்கியது. தடை வந்தது நுண்குழாய்க்கு. முறைக்கு வரவில்லை.

எங்கள் துறை அதில் பட்டுத் தெரிந்துகொண்டது நிறைய. இன்று பலர் பயன்படுத்துவது எபிடூரலுக்கு உள்ள அதே பருமன் குழாய். 5 சதவீத லிக்னோகைனை நாங்கள் இந்த வேலைக்குத் தொடுவதே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு மூன்று முறை கொடுத்தும் மரப்பு ஏறாவிட்டால் நான்காம் முறை கொடுப்பதற்கு முன் ஏன் என்று யோசிக்க வேண்டும். குழாய் எங்கோ கீழ்நோக்கித் திரும்பியிருக்கிறது என்று பொருள். அதற்குப் பிறகும் நரம்புச் சேதம் அறவே வராது என்று சொல்ல மாட்டேன். எந்த முதுகு ஊசியிலும் அந்த அபாயம் உண்டு, மிக அரிதாக. கிருமி நுழைவதும், ரத்தம் கட்டுவதும் அப்படித்தான்.

தலைவலி விஷயத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. 1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர், இந்த ஊசியைத் தன் உதவியாளர் ஹில்டெபிராண்டுக்குப் போட்டு, அவர் கால் எலும்பில் சுத்தியலால் அடித்தெல்லாம் சோதித்துப் பார்த்தார். அதற்கு முன் பியரின் முதுகில் ஹில்டெபிராண்ட் குத்தினார். ஆனால் மருந்துக் குழல் ஊசியோடு பொருந்தாமல் நீர் நிறைய வழிந்துவிட்டது. அடுத்த ஒரு வாரத்துக்கு மேல் பியருக்கு எழுந்து உட்கார்ந்தாலே தலை வெடிக்கும், படுத்தால் போய்விடும். உறையில் விழுந்த ஓட்டை வழியாக நீர் கசிவதால் வரும் வலி அது. குழாய்க்கான ஓட்டை சாதாரண ஊசியுடையதைவிடப் பெரியது என்பதால் உங்களுக்கு இந்தக் கவலை வந்தால் நியாயம்தான். இளம் பெண்களுக்கு இந்த முறையை நான் எளிதில் பரிந்துரைக்க மாட்டேன். எண்பதைக் கடந்தவர்களுக்கு இந்தத் தலைவலி மிகக் குறைவாகவே வருகிறது. முதுமை தரும் சலுகைகள் கொஞ்சம். அதில் இது ஒன்று.

சின்னம்மாவுக்கு ஒரு வார்த்தை. ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். ஆயுள் முழுக்க வரும் இடுப்பு வலிக்கு ஊசி காரணமில்லை. எபிடூரல் போட்டுக்கொண்ட தாய்மார்களையும் போட்டுக்கொள்ளாத தாய்மார்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது நீண்டகால வலியில் வேறுபாடு தெரியவில்லை. குழந்தையைப் பத்து மாதம் சுமந்து, பிறகு இடுப்பில் வைத்துக்கொண்டே சமைக்கும் முதுகு வலிக்காமல் என்ன செய்யும்? உங்கள் வலிக்குத் தனியாக யாரிடமாவது காட்டுங்கள். பலதுறை மருந்தகத்திலிருந்து தொடங்கலாம்.

முழு மயக்கத்தைக் கேட்கலாமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: கேட்கலாம், அது பாவமில்லை. முதியவர்களுக்கு ஸ்பைனல்தான் நல்லது, முழு மயக்கம் மூளையைக் கெடுத்துவிடும் என்று நாங்களே பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தோம். 2021இல் வெளியான ரீகெய்ன் என்ற பெரிய ஆய்வு, இடுப்பு எலும்பு முறிந்த 1,600 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு சாராருக்கு ஸ்பைனல், மறு சாராருக்கு முழு மயக்கம் கொடுத்துப் பார்த்தது. அறுபது நாள் கழித்து இறப்பிலும், நடக்கும் திறனிலும் வேறுபாடு இல்லை. அறுவைக்குப் பின் வரும் மனக்குழப்பத்திலும் இல்லை. சீனாவில் 950 பேரிடம் நடந்த ஆய்வும் குழப்பத்தைப் பற்றி அதையேதான் சொன்னது. எங்கள் தலைமுறை மயக்க மருத்துவர்களின் அகந்தையைக் கொஞ்சம் தட்டிவைத்த முடிவுகள் இவை. ஆனால் அந்த ஆய்வுகளில் ஸ்பைனல் என்றால் பெரும்பாலும் ஒற்றை ஊசி. உங்கள் அம்மாவைப் போல வால்வு சுருங்கியவர்களுக்காகத் தனியே செய்தவையும் அல்ல. முழு மயக்கத்திலும் அழுத்தம் இறங்கும். மயக்க மருந்தும் ரத்தக் குழாய்களைத் தளர்த்தத்தான் செய்கிறது. என் அம்மாவாக இருந்தால் குழாயைத்தான் விரும்புவேன், ஒரு நிபந்தனையுடன்: அதைச் செய்பவர் இதைப் பலமுறை செய்து பழகியவராக இருக்க வேண்டும். குழாய் முறையில் கை பழகாத ஒருவர் நன்றாகத் தெரிந்த முழு மயக்கத்தைக் கொடுப்பதே மேல். "நீங்கள் இதை அடிக்கடி செய்வதுண்டா, டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள். அன்று முதுகில் இடம் கிடைக்காமல் அவர் திட்டத்தை மாற்றினாலும் கலங்க வேண்டாம். தேய்ந்த முதுகெலும்பில் அது நடப்பதுதான்.

குழாய் எல்லாவற்றையும் காக்காது. பெரிய அறுவை, ரத்தம் போகும். புது மூட்டை ஒட்ட எலும்புச் சிமெண்ட் வைத்தால், அதை அழுத்தும் நேரத்தில் சிலருக்கு அழுத்தம் சட்டென்று விழும். அதனால்தான் அம்மாவின் மணிக்கட்டு நாடியில் தொடக்கத்திலேயே ஒரு சிறு குழல் செருகுவார்கள். அது ஒவ்வொரு துடிப்பின் அழுத்தத்தையும் திரையில் காட்டும். பக்கத்திலேயே ரத்தக் குழாய்களை இறுக்கும் ஃபெனிலெஃப்ரின் மருந்து ஏற்றிவைத்துத் தயாராக இருக்கும். கையில் இத்தனை வயர்களைப் பார்த்து நீங்கள் பதற வேண்டாம். போன முறை இவையெல்லாம் இல்லாதிருந்திருக்கலாம்.

அபிக்ஸபான் பற்றி மிகக் கவனமாகப் படியுங்கள். இந்த மாத்திரை உடலில் இருக்கும்போது முதுகில் குத்தினால் உள்ளே ரத்தம் கட்டி நரம்பை அழுத்திவிடும் அபாயம் உண்டு. பொதுவாகக் கடைசி மாத்திரைக்கும் ஊசிக்கும் இடையே 72 மணி நேரம் இருக்க வேண்டும் என்பார்கள். சிறுநீரகம் மந்தமாக இருந்தால் இன்னும் நீளும். குழாயை எடுத்த பிறகும் உடனே தொடங்கக் கூடாது. ஆனால் நிறுத்தினால் இதயத்தில் ரத்தக்கட்டி உருவாகிப் பக்கவாதம் வரலாம் என்பதற்காகத்தானே அதைக் கொடுத்தார்கள்? ஆகவே நீங்களாக ஒரு நாள்கூட முன்பின் ஆக்காதீர்கள். கடைசி மாத்திரை எந்தத் தேதி, காலையா மாலையா என்பதை மருத்துவமனையில் எழுதி வாங்கி, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். வீட்டில் பணிப்பெண்தான் மாத்திரை கொடுக்கிறார் என்றால் அவருக்குப் புரியும் மொழியில் எழுதுங்கள். என் பொறுப்பில் இருந்த ஒரு தாத்தாவின் அறுவை, அன்று காலை வழக்கம்போல மாத்திரை கொடுக்கப்பட்டதால் தள்ளிப்போனது. யாரையும் நோக முடியவில்லை. யாரும் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. தேக்காவில் வாங்கிய நாட்டு மருந்தோ, சீன மருந்துக் கடைக் கஷாயமோ எதுவாக இருந்தாலும் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பட்டினி விஷயத்தில் நம் பாட்டிமார் ஒரு தனி ரகம். இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகு சாப்பிடாதீர்கள் என்றால் மாலை ஆறு மணிக்கே வாயைக் கட்டிக்கொண்டு, சஷ்டி விரதம் போலத் தண்ணீரும் தொடாமல் வந்து படுப்பார்கள். வற்றிய உடம்பில் அழுத்தம் இன்னும் வேகமாக விழும். திட உணவுக்கு ஆறு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் என்பதே பொது விதி. உங்கள் மருத்துவமனை சொல்லும் நேரம் வரை அம்மாவைத் தண்ணீர் குடிக்கச் செய்யுங்கள்.

இப்போது நீங்கள் விரும்பாத ஒன்றைச் சொல்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. உங்கள் கையெழுத்து அவருடைய சம்மதமாகாது. 2008இல் இயற்றப்பட்ட நம் மனத்திறன் சட்டம், தானே முடிவெடுக்க முடியாதவர் என்று நிலைநாட்டப்படும் வரை எந்தப் பெரியவரும் முடிவெடுக்கக்கூடியவர் என்றே கொள்கிறது. 83 வயது என்பது திறனின்மை அல்ல. தமிழ் மட்டுமே தெரிவதும் அல்ல. சட்டத்தை விடுங்கள். முதுகை வளைத்து, முகவாயை மார்பில் அழுத்தி, பத்து நிமிடம் அசையாமல் இருக்க வேண்டியவர் அவர்தான். எதற்கு என்று தெரியாமல் அறுவைக்கூடத்தில் கண்விழித்துப் படுத்திருக்கும் ஒருவரைவிடப் பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. முன்னோடித் தலைமுறை அட்டை வைத்திருக்கும் பெண்கள் கம்பத்து வாழ்க்கையையும் வெள்ளத்தையும் வீட்டுப் பிரசவத்தையும் பார்த்தவர்கள். "முதுகில் நூல் போல ஒரு குழாய் வைத்து, மருந்தைத் துளித்துளியாகக் கொடுப்பார்கள் அம்மா, போன தடவை மாதிரி ஆகாமல் இருப்பதற்காக" என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள்தான் அதிகம் பயந்திருக்கிறீர்கள் என்பது அப்போது தெரியும்.

சத்தத்தைப் பற்றியும் சொல்லிவையுங்கள். இடுப்பு மூட்டு அறுவை என்பது பாதி தச்சு வேலை. ரம்பமும் சுத்தியலும் கேட்கும்; உடம்பு அதிரும்; வலிக்காது. லேசாகத் தூங்கவைக்க மருந்து கொடுப்பார்கள் என்றாலும், அம்மாவின் இதயத்துக்கு அதையும் கிள்ளித்தான் கொடுப்பார்கள். காதில் பாட்டுக் கேட்க அனுமதிக்கிறார்களா என்று விசாரியுங்கள். என் நோயாளிகளில் ஒரு பாட்டி ஒலி 96.8 கேட்டுக்கொண்டே மூன்று மணி நேரம் படுத்திருந்து, இடையில் எங்கள் எல்லோருக்கும் அந்தப் பாடல் எந்தப் படம் என்று விளக்கினார். பக்கவாட்டில் நெடுநேரம் படுப்பதால் அறுவை செய்த இடுப்பைவிட கீழே அழுந்தும் தோள் வலிப்பதாகத்தான் பலர் புகார் சொல்வார்கள். முன்பே சொன்னால் தலையணை வைத்துத் தருவார்கள்.

அறுவை முடிந்த இரண்டு மூன்று நாள் அம்மா குழம்பிப் பேசலாம். மயக்கம் எந்த வகையானாலும் இது வரலாம். கண்ணாடி, காதுக் கருவி, பல்செட் மூன்றும் விழித்த உடனே அவரிடம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மொழியையும் மறக்க வேண்டாம். பாதி உறக்கத்தில் இருக்கும் தமிழ்ப் பாட்டியிடம் ஆங்கிலத்திலோ மாண்டரினிலோ "எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டு, பதில் வராததால் குழப்பம் என்று குறித்துவைத்ததை நான் கண்டிருக்கிறேன். அவர் தெளிவாகத்தான் இருந்தார். கேள்விதான் அவர் மொழியில் இல்லை. வலி, தண்ணீர், சிறுநீர், குமட்டல் ஆகிய சொற்களைத் தமிழிலும், பக்கத்தில் அவற்றின் உச்சரிப்பை ஆங்கில எழுத்திலும் எழுதிக் கட்டிலருகே மாட்டிவிட்டு வாருங்கள். தாதியர் மகிழ்ச்சியோடு பயன்படுத்துவார்கள்.

கடைசியாக ஒரு வேலை, இந்த வாரமே செய்ய வேண்டியது. சென்ற ஆண்டு அறுவை நடந்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவுக்கு எழுதி, அன்றைய மயக்க மருந்துக் குறிப்புத் தாளின் நகலைக் கேளுங்கள். எத்தனை மில்லிகிராம் கொடுத்தார்கள், மரப்பு எது வரை ஏறியது, அழுத்தம் எத்தனையாவது நிமிடத்தில் விழுந்தது, எந்த மருந்துக்கு மீண்டது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளியாக அதில் குறித்திருப்பார்கள். உங்களுக்கு அது கோழி கிண்டியது போலத் தெரியும். புது மயக்க மருத்துவருக்கு அதைவிடப் பயனுள்ள காகிதம் வேறில்லை. கிடைத்ததும் மடித்து, அம்மாவின் மாத்திரைப் பையிலேயே வைத்துவிடுங்கள்.